மூளையைச் சுமக்கும் நீர்

கிணற்றில் நீர் அள்ளிப் பழகியவர்களுக்கு ஒரு விடயத்தை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வாளி நீருக்குள் இருக்கும் வரை அதற்குப் பாரம் இல்லை. கயிற்றை இரண்டு விரல்களால் பிடித்து அசைத்தாலும் அசைந்து கொடுக்கும். நீர்மட்டத்தை விட்டு மேலே கிளம்பும்போதுதான் அதன் உண்மையான சுமை கையை இழுக்கும். ஆர்க்கிமிடிஸ் 2200 ஆண்டுகளுக்கு முன்னர் வகுத்துச் சொன்ன விதியை யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணறுகள் ஒவ்வொரு காலையிலும் நிரூபித்துக்கொண்டிருந்தன. அதே விதி எங்கள் ஒவ்வொருவரதும் மண்டையோட்டுக்குள்ளும் இரவு பகலாகச் செயற்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

வளர்ந்த ஒருவருடைய மூளை ஏறத்தாழ 1400 கிராம் நிறையுடையது. அது மிகவும் மென்மையான உறுப்பு. வெளியே எடுத்து ஒரு தட்டில் வைத்தால் தன்னுடைய பாரத்தினாலேயே தட்டையாகச் சரிந்துபோகும். அத்தகைய உறுப்பு மண்டையோட்டின் கரடுமுரடான அடித்தளத்தின் மீது நசிந்துபோகாமல் எழுபது, எண்பது ஆண்டுகள் இருப்பது எவ்வாறு? அது அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, மிதந்துகொண்டிருக்கிறது என்பதே விடை. தன்னைச் சூழ்ந்திருக்கும் தெளிந்த திரவத்தில் மிதப்பதனால் 1400 கிராம் மூளையின் உணரப்படும் நிறை சுமார் 50 கிராம் மாத்திரமே. தலையில் அடிபடும்போது அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்வதும் இந்தத் திரவம்தான்.

இதன் மொத்த அளவு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கோப்பை கூட முழுமையாக நிரம்பாது. ஆனால் அது தேங்கி நிற்கும் குட்டை அல்ல. மூளையின் உட்பகுதியில் மூளையறைகள் என்று சொல்லப்படும் நான்கு வெற்றிடங்கள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் உள்ள நுண்ணிய குருதிக் குழாய்ப் பின்னல்கள் குருதியிலிருந்து இத்திரவத்தைப் பெரும்பாலும் சுரக்கின்றன. ஒரு நாளில் சுரப்பது அரை லீற்றர் அளவு. எனவே தலைக்குள்ளும் முள்ளந்தண்டுக்குள்ளும் இருக்கும் திரவம் முழுவதும் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு தடவைகள் புதிதாகிறது. பக்க அறைகள் இரண்டிலிருந்தும் மூன்றாவது அறைக்கும், அங்கிருந்து ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றின் ஊடாக நான்காவது அறைக்கும், அதன் துவாரங்களின் வழியாக மூளையின் வெளிப்புறத்துக்கும் முண்ணாணைச் சுற்றியுள்ள இடைவெளிக்கும் அது பரவுகிறது. இறுதியில் பெரும்பகுதி மண்டையோட்டின் உச்சிப் பகுதியிலுள்ள நாளங்களில் கலந்து மீண்டும் குருதியுடன் சேர்கிறது. ஊற்று, வாய்க்கால், வடிகால் மூன்றும் ஒழுங்காக இருந்தால் எவருக்கும் இப்படியொன்று இருப்பதே தெரியாது. வடிகாலில் பிசகு ஏற்பட்டால் வயல் வெள்ளக்காடாகிவிடும்.

மனித உடலை அறுத்துப் பார்க்கத் தொடங்கி எத்தனையோ நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் இத்திரவம் மருத்துவர்களின் கண்ணில் சரிவரப் படவில்லை. மூளையறைகளில் ஒருவகை உயிர்க்காற்று நிரம்பியிருப்பதாகக் கிரேக்க மருத்துவர் கேலன் வழிவந்தோர் நம்பியிருந்தனர். நேப்பிள்ஸ் நகரைச் சேர்ந்த டொமெனிக்கோ கொற்றூன்யோ என்ற இளம் மருத்துவர் 1764 ஆம் ஆண்டில் சயாற்றிக்கா எனப்படும் நரம்பு வலி பற்றி இலத்தீன் மொழியில் எழுதிய நூலில்தான் இதனைத் தெளிவாக விபரித்தார். முன்னையவர்கள் காணத் தவறியதற்கு அவர் கூறிய காரணம் மிக எளிமையானது. உடலைப் பரிசோதிப்போர் முதலில் தலையைத் துண்டித்தே வேலையைத் தொடங்கினர். அந்தக் கணத்திலேயே திரவம் முழுவதும் வடிந்துபோய்விட்டது. இருப்பதைத் தேடியவர்களே அதனை இல்லாமற் செய்துவிட்டுத் தேடினார்கள். பின்னர் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் பிரான்சுவா மஜோந்தி இதனை விரிவாக ஆராய்ந்து, இன்று மேலைத்தேய மொழிகளில் வழங்கும் பெயரை நிலைபெறச் செய்தார். நான்காவது மூளையறையின் நடுத்துவாரம் இன்றும் அவருடைய பெயராலேயே குறிக்கப்படுகிறது.

பத்திரிகைக்காரன் என்ற வகையில் பெயர்களில் எனக்கு எப்பொழுதும் ஓர் அக்கறை உண்டு. இலங்கையில் தமிழ்மொழி மூலம் உயிரியல் கற்றவர்கள் இதனை மூளையமுண்ணாண் பாய்பொருள் என்று படித்திருப்பார்கள். தமிழகத்து நூல்களில் மூளைத் தண்டுவடத் திரவம் என்று காணப்படுகிறது. நாம் முண்ணாண் என்பதை அவர்கள் தண்டுவடம் என்கிறார்கள். இரண்டும் நல்ல தமிழ்தான். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மானிப்பாயிலே அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்த பெருநூல்களுள் மனுஷ அங்காதிபாதம் ஒன்று. அது வெளிவந்தது 1872 ஆம் ஆண்டில். மூளையையும் நரம்பையும் தமிழில் விளக்க முடியுமா என்ற கேள்விக்கு எமது மண்ணிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சொற்கள் பாடப்புத்தகத்தைத் தாண்டி வைத்தியசாலை விறாந்தைக்கு வந்து சேரவில்லை. அங்கே காத்திருக்கும் குடும்பத்தவர்களின் காதில் விழுவது 'மூளையில் தண்ணீர்' என்ற இரண்டு சொற்கள் மாத்திரமே. அவை எத்தகைய கலக்கத்தை உண்டுபண்ணும் என்பதை 2017 ஆம் ஆண்டில் நான் அருகில் இருந்து பார்த்தேன்.

என்னுடன் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒப்புநோக்காளர் ஒருவர் வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மனைவியுடன் வசித்து வந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணர் என்றே அழைப்போம். றகர ரகரப் பிழை ஒன்றுகூட அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டி அச்சுக்குப் போனதில்லை. எழுபது வயதைக் கடந்த பின்னரும் நூல் வெளியீட்டு விழாக்களுக்குத் தவறாமல் வருவார். முன்வரிசையில் அமர்வார். கூட்டம் முடிந்ததும் நூலாசிரியரைத் தனியே அழைத்துச்சென்று, எத்தனையாம் பக்கத்தில் என்ன பிழை என்பதை மெதுவாகச் சொல்லுவார்.

முதலில் மாறியது அவருடைய நடை. கால்களைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தார். எழுந்து நின்றவுடன் பாதங்கள் நிலத்தில் ஒட்டிக்கொண்டன போலச் சற்று நேரம் அசையாமல் நிற்பார். திரும்புவதற்கு எட்டு, ஒன்பது சிற்றடிகள் தேவைப்பட்டன. இரண்டு முறை குளியலறையில் விழுந்தார். அதன் பின்னர் கூட்டங்களில் முன்வரிசையைக் கைவிட்டுக் கடைசி வரிசையில் கதவோரமாக அமரத் தொடங்கினார். சில மாதங்களில் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். ஆட்களில் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று மனைவி நினைத்தார். உண்மையான காரணம் சிறுநீர். மலசலகூடத்துக்குப் போய்ச் சேரும் வரை அடக்கிக்கொள்ள அவரால் இயலவில்லை. அந்த வெட்கத்தை எவரிடமும் சொல்லவும் இயலவில்லை. பெயர்கள் மறந்தன. பேச்சின் வேகம் குறைந்தது. கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார்.

'வயது போட்டுது, தம்பி. இனி என்னத்தைச் செய்யிறது' என்று அக்கா சொன்னார். அயலவர்களும் அதையே சொன்னார்கள். கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய மகனும் அவ்வாறே எண்ணினார். முதலில் பார்த்த வைத்தியர் பார்க்கின்சன் நோய் என்று கருதி மருந்து கொடுத்தார். எட்டு மாதங்கள் உட்கொண்டும் பலன் இல்லை. மூன்றாவதாகப் பார்த்த நரம்பியல் நிபுணரே அவரை நடக்கச் சொல்லி நெடுநேரம் அவதானித்தார். பின்னர் சிறுநீரைப் பற்றி நேராகக் கேட்டார். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் செய்தார். மூளையறைகள் பெரிதும் விரிந்திருந்தன.

முதுமையில் மூளை சுருங்கும்போதும் அறைகள் பெரிதாகத் தோன்றுவது உண்டு. ஆதலால் படத்தை மாத்திரம் வைத்து முடிவுசெய்ய முடியாது. ஆனால் நடைத் தடுமாற்றம், சிறுநீரை அடக்க முடியாமை, நினைவுக் குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்து, அறைகளும் விரிந்திருந்தால் இன்னொரு சாத்தியத்தை ஆராய வேண்டும் என்று நிபுணர் விளக்கினார். வடிகால் மந்தமாகி, திரவம் அறைகளில் கூடி, சுற்றியுள்ள நரம்பு இழைகளை நெருக்கும் நோய் அது. நீர்த்தலை நோயின் ஒரு வகை. குழந்தைகளுக்கு வரும் நீர்த்தலை நோயில் மண்டையோட்டு மூட்டுகள் இன்னும் பொருந்தாதிருப்பதால் தலை வெளிப்படையாகப் பெருக்கும். முதியோரில் வெளியே எதுவும் தெரியாது. திரவத்தின் அழுத்தத்தை அளந்தாலும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

இந்நோயை உலகுக்கு அறிமுகம் செய்தவர் கொலம்பியா நாட்டைச் சேர்ந்த நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் சலொமோன் ஹக்கீம். லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். பொகொற்றாவில் 1957 ஆம் ஆண்டில், விபத்தொன்றில் தலையில் காயமடைந்து உணர்வு மங்கிக் கிடந்த 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சையளித்தபோது ஒரு புதிரைக் கண்டார். மூளையறைகள் விரிந்திருந்தன, அழுத்தமோ இயல்பாக இருந்தது. பரிசோதனைக்காகச் சிறிதளவு திரவத்தை எடுத்ததும் சிறுவன் தெளிவடைந்து பேசத் தொடங்கினான். அழுத்தம் இயல்பாக இருக்கும்போது திரவத்தை எடுத்தால் எவ்வாறு குணம் ஏற்படும் என்று எவரும் நம்பத் தயங்கிய காலம் அது. அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் றேமண்ட் அடம்ஸ் முதலானோருடன் இணைந்து ஹக்கீம் இதனை மருத்துவ உலகுக்கு அறிவித்தது 1965 ஆம் ஆண்டில். குணப்படுத்தக்கூடிய நோய் என்பதை அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே சேர்த்திருந்தார்கள். அதற்குமுன் முதுமையின் பெயரால் கைவிடப்பட்டவர்களுள் ஒரு சிலருக்கேனும் கதவு ஒன்று திறந்தது.

எங்கள் அண்ணருக்கும் அந்தக் கதவு திறக்குமா என்பதை அறிய ஒரு சோதனை தேவைப்பட்டது. நாரியில் ஊசி குற்றி 40 மில்லிலீற்றர் அளவு திரவத்தை எடுத்துவிட்டு, நடை மாறுகிறதா என்று பார்ப்பது. இந்த இடத்திலேதான் குடும்பம் மறுத்தது.

அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். 'நாரியிலை ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழை ஏலாமப் போயிடுமெண்டு சொல்லுகினம், தம்பி. இருக்கிற கொஞ்ச நடையும் போயிடாதோ?' என்று கேட்டார். அடுத்து அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. 'தலைக்குள்ளை தண்ணி எண்டு சொல்லுகினம். அந்தத் தண்ணி எங்கையிருந்து வந்தது?'

அந்தத் திரவம் பிறப்பதற்கு முன்பிருந்தே எல்லோருக்கும் உண்டு, அது நோய் அல்ல, அது போகும் வழி அடைபட்டதுதான் நோய் என்று எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைப் போல எங்கிருந்தோ அந்நியமான ஒன்று கணவரின் தலைக்குள் புகுந்துவிட்டதாக அவர் எண்ணிப் பயந்திருந்தார்.

ஊசி பற்றிய பயம் அவருக்கு மாத்திரம் உரியதன்று. காய்ச்சலும் வலிப்புமாக வரும் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலா என்று அறிய வைத்தியர்கள் இந்தச் சோதனையைக் கேட்கும்போது பெற்றோர் கையெழுத்திட மறுப்பது எமது சமூகத்தில் அபூர்வமான காட்சி அல்ல. பக்ரீரியாவினால் ஏற்படும் மூளைச் சவ்வழற்சியில் சில மணித்தியாலத் தாமதமும் உயிரை விலையாகக் கேட்கும். ஊற்று நீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய திரவம் அப்போது கலங்கியிருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதைச் சொல்லக்கூடியது அதுதான்.

உடலமைப்பை அறிந்தால் பயத்தின் பெரும்பகுதி விலகிவிடும். முள்ளந்தண்டு இடுப்பு வரை நீண்டிருந்தாலும் அதற்குள் இருக்கும் முண்ணாண் அவ்வளவு தூரம் வருவதில்லை. வளர்ந்தவர்களில் அது நாரி முள்ளெலும்புகளில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செலுத்தப்படுவது அதற்குக் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் அல்லது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில். அந்த இடத்தில் திரவமும், குதிரையின் வால் போலத் தொங்கும் நரம்புகளுமே இருக்கின்றன. நீருக்குள் தொங்கும் பாசி இழைகள் விரலுக்கு விலகிக் கொடுப்பதைப் போல அவை பெரும்பாலும் ஊசிக்கு விலகிக் கொடுக்கும். ஜேர்மன் மருத்துவர் ஹைன்றிச் குவிங்க் இம்முறையை அறிவித்தது 1891 ஆம் ஆண்டில். அன்றிலிருந்து உலகெங்கும் எண்ணற்றோருக்கு இது செய்யப்பட்டு வருகிறது.

பாதிப்பே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. திரவம் குறைந்தால் மிதப்பு குறையும். மூளை சற்றே கீழிறங்கும். எழுந்து நிற்கும்போது கடுமையான தலையிடி வரும், படுத்தால் தணியும். இதனைத் தன் உடலிலேயே அனுபவித்துப் பதிவுசெய்தவர் ஓகஸ்ட் பீர் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர். முண்ணாணைச் சூழ்ந்த திரவத்தில் கொக்கேயினைச் செலுத்தி உடலின் கீழ்ப்பாதியை மரத்துப்போகச் செய்யும் முறையை 1898 ஆம் ஆண்டில் கீல் நகரில் அவர் பரீட்சித்தார். முதலில் உதவியாளர் ஹில்டெபிரான்ட் அவருக்கு ஊசி குற்றினார். சிறிஞ் ஊசியுடன் சரியாகப் பொருந்தாததால் திரவம் நிறைய வெளியேறிப் பரிசோதனை கைவிடப்பட்டது. பின்னர் பீர் உதவியாளருக்கு ஊசி குற்றி, அவருடைய கால் எலும்பில் சுத்தியலால் தட்டியும் பார்த்தார். வலிக்கவில்லை. இருவரும் மகிழ்ச்சியோடு விருந்துண்டு மதுவும் அருந்தினார்கள். மறுநாள் பீருக்குத் தலை தூக்க முடியவில்லை. ஒன்பது நாட்கள் அவர் படுக்கையில் கிடந்தார்.

எமது நாட்டிலும் மறக்கக்கூடாத ஒரு துயரம் உண்டு. 2005 ஆம் ஆண்டில், கொழும்பில் சிசேரியன் சத்திரசிகிச்சைக்காக முள்ளந்தண்டில் மயக்க ஊசி பெற்ற ஐந்து தாய்மாருக்குப் பூஞ்சணக் கிருமியினால் மூளைச் சவ்வழற்சி ஏற்பட்டது. அவர்களில் மூவர் இறந்தனர். சுனாமிக்குப் பின்னர் வந்து குவிந்த நிவாரணப் பொருட்களுடன் உரிய பாதுகாப்பின்றிக் களஞ்சியப்படுத்தப்பட்ட சிறிஞ்சுகளே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டனர். எனவே மக்களின் பயத்தை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தத் துயரம் காட்டுவது ஊசி குற்றும் இடத்தின் ஆபத்தையல்ல. கிருமி புகாதபடி இயற்கை பூட்டி வைத்திருக்கும் ஓர் அறைக்குள் நாம் எதைச் செலுத்துகிறோம் என்பதில் இருக்க வேண்டிய கண்டிப்பையே காட்டுகிறது.

நிபுணர் அக்காவை மீண்டும் அழைத்தார். ஒரு துண்டுக் கடதாசியில் முள்ளந்தண்டை வரைந்து, முண்ணாண் முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே ஊசியை வரைந்து காட்டினார். கால்மணி நேரம் செலவிட்டார். அதன் பின்னரே அக்கா சம்மதித்தார்.

சோதனைக்கு முன்னர் அண்ணரைப் பத்து மீற்றர் நடக்கச் செய்து எண்ணினார்கள். 31 அடிகள். திரும்புவதற்கு மாத்திரம் 9 அடிகள். ஊசியால் திரவம் எடுத்து, படுத்திருந்து, நான்கு மணித்தியாலங்களின் பின்னர் மீண்டும் நடந்தார். அதே தூரத்துக்கு 19 அடிகள். திரும்புவதற்கு 4. விறாந்தையின் முடிவு வரை சென்று, தாதியின் கையைப் பிடிக்காமல் திரும்பி வந்தவரைப் பார்த்து அக்கா சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார். எடுக்கப்பட்டது மூன்று மேசைக்கரண்டி அளவை விடக் குறைவான நீர்.

ஆனால் திரவம் மீண்டும் சுரக்கும். ஊசியின் பலன் சில நாட்களுக்குரியது. நிரந்தர வடிகாலுக்கு ஷண்ட் எனப்படும் மெல்லிய குழாய் பொருத்த வேண்டும். அது மூளையறையிலிருந்து புறப்பட்டு, காதின் பின்புறமாகத் தோலுக்குக் கீழே கழுத்து, மார்பு வழியாக வயிற்றறைக்குள் இறங்கும். இடையில் ஒரு வால்வு உண்டு. குழாயின் வரலாற்றை விட அந்த வால்வின் வரலாறு என்னைக் கூடுதலாகக் கவர்ந்தது. அதில் தந்தையர் இருவர் இருக்கிறார்கள்.

ஒருவர் அமெரிக்காவின் பிலடெல்பியாப் பகுதியைச் சேர்ந்த ஜோன் ஹொல்ரர் என்ற தொழில்நுட்பவியலாளர். மருத்துவர் அல்லர். 1955 ஆம் ஆண்டில் பிறந்த அவருடைய மகனுக்கு நீர்த்தலை நோய் இருந்தது. திரவத்தை ஒரு திசையில் மாத்திரம் போகவிடும் நம்பகமான வால்வு ஒன்று இல்லாமையே தடை என்று சத்திரசிகிச்சை நிபுணர் யூஜின் ஸ்பிற்ஸ் கூறினார். ஹொல்ரர் வீட்டுத் தொழிற்கூடத்தில் இருந்து சிலிக்கோன் வால்வைச் செய்து முடித்தார். 1956 ஆம் ஆண்டிலேயே அது பயன்பாட்டுக்கு வந்தது. அவருடைய மகன் நீண்ட காலம் வாழவில்லை. மற்றவர்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

மற்றவர் சிறுவர் கதைகளால் உலகறிந்த எழுத்தாளர் ரோல்ட் டால். 1960 ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயோர்க்கில், தள்ளுவண்டியில் இருந்த அவருடைய நான்கு மாதக் குழந்தையை வாடகைக் கார் ஒன்று மோதியது. தலைக் காயத்தினால் நீர்த்தலை நோய் ஏற்பட்டது. பொருத்தப்பட்ட வால்வு திரும்பத் திரும்ப அடைபட்டது. மாதிரி விமானங்களுக்கு நுண்ணிய பம்பிகள் செய்யும் பொறியியலாளர் ஸ்ரான்லி வேட், லண்டன் சிறுவர் வைத்தியசாலையின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் கெனத் ரில் ஆகிய இருவரையும் டால் ஒன்றுசேர்த்தார். 1962 ஆம் ஆண்டில் எளிதில் அடைபடாத வால்வு உருவானது. அதிலிருந்து இலாபம் பெறுவதில்லை என்று மூவரும் தீர்மானித்தார்கள். டாலின் மகன் அதற்குள் தேறிவிட்டதால் அவனுக்கு அது தேவைப்படவில்லை. மூவாயிரம் வரையிலான பிள்ளைகளுக்கு அது பயன்பட்டது.

அண்ணருக்குப் பொருத்தப்பட்டது பிற்காலத்து வால்வு. வடியும் அளவை வெளியிலிருந்து காந்தக் கருவியால் மாற்றலாம். இரண்டு மாதங்களின் பின்னர் ஒரு தடவை அவ்வாறு மாற்றவும் செய்தார்கள். திரவம் அளவுக்கு மீறி வடிந்தால் மூளையைச் சுற்றிக் குருதி கசியும் ஆபத்து இருப்பதே காரணம். கிருமித்தொற்றும் குழாய் அடைப்பும் ஏனைய ஆபத்துகள். எல்லோருக்கும் இச்சிகிச்சை பலிப்பதும் இல்லை. 2025 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இந்த விடயத்தில் முக்கியமானது. நோயாளர்கள் 99 பேருக்கு ஷண்ட் பொருத்திய பின்னர், ஒரு சாராருக்கு வால்வைத் திறந்தும் மறுசாராருக்கு ஏறக்குறைய மூடியும் மூன்று மாதங்கள் அவதானித்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளர்களுக்குத் தெரியாது. திறந்த வால்வுடையோரின் நடைவேகம் தெளிவாகக் கூடியது. நினைவாற்றலில் அக்காலத்துக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

அண்ணர் விடயத்திலும் அப்படித்தான் நடந்தது. நடை பெருமளவு மீண்டது. சிறுநீர்த் தொல்லை குறைந்தது. பெயர்கள் மாத்திரம் முழுமையாகத் திரும்பவில்லை. என்னைச் சில நாட்களில் எனக்கு முன்னர் பணியாற்றிய இன்னொருவரின் பெயரால் அழைப்பார். ஆனாலும் காலையில் கைத்தடியோடு காலி வீதிக்கு நடந்து சென்று பத்திரிகையை வாங்கி வந்தார். சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கூட்டங்களில் மீண்டும் முன்வரிசையில் அமர்ந்தார். 2022 ஆம் ஆண்டில் மாரடைப்பினால் காலமாகும் வரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அவருக்குத் தம்முடைய காலில் நடக்கும் வாழ்வு கிடைத்தது.

முதியவர் ஒருவர் தள்ளாடி நடந்தால் அது இந்நோய்தான் என்று எவரும் அவசரப்படத் தேவையில்லை. மூட்டு வாதம், பார்க்கின்சன், பக்கவாதம், நீரிழிவினால் நரம்பு பழுதடைதல் என்று காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிவது வைத்தியரின் பணி. ஆனால் வீட்டில் இருப்பவர்களின் பணி ஒன்று உண்டு. நடையும் சிறுநீரும் நினைவும் ஒருசேர மாறுகின்றனவா என்று கவனிப்பது, கவனித்ததை வெட்கமின்றி வைத்தியரிடம் சொல்வது. புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் தாய் தந்தையரைத் தொலைபேசித் திரையில் முகத்தளவில் மாத்திரமே பார்க்கிறார்கள். நடை அந்தத் திரையில் தெரிவதில்லை. ஒரு தடவை எழுந்து நடந்து காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. வயது என்பது எல்லாக் காரணங்களையும் ஆராய்ந்து முடித்த பின்னர் சொல்ல வேண்டிய சொல். நாம் அதையே முதலில் சொல்லிவிட்டு ஆராய்வதை நிறுத்திவிடுகிறோம்.

அந்த அடுக்குமாடியில் கடந்த ஆண்டு ஓர் இளந்தாய் தன்னுடைய குழந்தைக்கு நாரி ஊசி போட வேண்டும் என்று வைத்தியசாலையில் சொன்னதைக் கேட்டு அழுதுகொண்டு வந்தாராம். அக்கா அவரை இருத்தி, ஒரு கடதாசியை எடுத்து, முள்ளந்தண்டை வரைந்து கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். 'பிள்ளை, முண்ணாண் இஞ்சை மேலையே முடிஞ்சிடும். ஊசி போறது அதுக்குக் கீழை. அங்கை இருக்கிறது தண்ணி. அது எல்லாருக்கும் இருக்கிற தண்ணிதான்' என்று சொன்னாராம். அந்தத் தாய் திரும்பிச் சென்று கையெழுத்திட்டார்.